சாலையை அளந்தவர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் ஓர் ஓட்டக்காரரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். மலர்க்குழுவிலேயே ஒருவர் கேட்டார். அடி என்றும் சீர் என்றும் நடை என்றும் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு இடம் ஒதுக்கித் தந்தார். ஆயினும் இதை எழுத முற்பட்டதற்குக் காரணம் அந்தச் சொல்விளையாட்டு அன்று. சிறு குழுவாக ஓர் அமைப்பைத் தொடங்கி, அதன் முதல் தலைவராயிருந்து, அது பேருரு எடுத்தபின் மேடையில் நாற்காலி தேடாமல், தாம் தொடக்கத்தில் நம்பியதை எண்பது வயது கடந்தும் தம் கால்களாலேயே நடத்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பத்தாண்டு நிறைவு என்பது அத்தகைய ஒருவரை நினைக்க ஏற்ற பொழுது என்று தோன்றியது.

அவர் பெயர் டெட் கார்பிட். 1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டன்பார்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த பருத்திப் பண்ணையில் பிறந்தார். அடிமைகளாய் வாழ்ந்தவர்களின் பேரர். அந்த ஊரைத் தேடி இன்று யாரும் போக இயலாது. அணுகுண்டுக்கு வேண்டிய பொருள்களை உண்டாக்கும் பெருந்தொழிற்கூடம் ஒன்றுக்காக 1950ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அப்பகுதியைக் கையகப்படுத்தியது. ஓரிரு ஆண்டுகளில் டன்பார்ட்டனும் அதன் அண்டை ஊர்களும் ஆளின்றி அழிந்தன. ஓடி ஓடி ஊர் அளந்த மனிதருக்குத் திரும்பிச் சென்று காண ஒரு பிறந்த ஊர் இல்லாமற்போனது.

அதற்கு நெடுநாள் முன்பே குடும்பம் வடக்கே சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. பள்ளியிலும், பின்னர் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலும் கார்பிட் ஓட்டப்பந்தயங்களில் கலந்துகொண்டார். கலந்துகொண்டார் என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. கறுப்பினத்தவர் ஒருவரோடு ஒரே கோட்டில் நிற்க மாட்டோம் என்று வெள்ளை வீரர்கள் மறுத்த பந்தயங்கள் உண்டு. அவ்வேளைகளில் விலக்கப்பட்டவர் கார்பிட்தான். இந்த இடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடித் தோற்றிருந்தால் அந்தத் தோல்விக்கு ஓர் அளவு இருந்திருக்கும். இத்தனை விநாடி, இத்தனை அடி என்று சொல்லியிருக்கலாம். ஓடவே விடாதவனுக்கு அளவே இல்லை. அவன் வேகமானவனா மெதுவானவனா என்பதை அவனாலும் அறிய முடியாது. பிற்காலத்தில் இம்மனிதர் அளவின்மீது கொண்ட பற்றுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து. அவரே அப்படிச் சொன்னார் என்று நான் கூறவில்லை. அவர் வாழ்க்கையை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அப்படித் தோன்றுகிறது.

போர்க்காலத்தில் இராணுவப் பணி. அதன்பின் நியூயார்க் வந்து, அந்நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயன்முறை மருத்துவம் பயின்றார். 1947ஆம் ஆண்டு நியூயார்க் பயனியர் கிளப் என்னும் ஓட்டச் சங்கத்தில் சேர்ந்தார். இச்சங்கத்தைப் பற்றி ஒரு சொல் கூறியே ஆகவேண்டும். 1936ஆம் ஆண்டு ஹார்லெம் பகுதியில் ஜோ யான்சி என்பவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது அது. கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் எல்லா இனத்தாருக்கும் கதவு திறந்தது. நகரின் பெரிய சங்கங்கள் வென்று தருவோரையே தேடித் தேடிச் சேர்த்த காலத்தில், வந்தவரை ஏற்பது என்பதையே கொள்கையாகக் கொண்டது. திறமை பார்த்துச் சேர்ப்பது ஒரு வகை அமைப்பு, வந்தவரைச் சேர்த்துத் திறமையை வளர்ப்பது இன்னொரு வகை. நம் வட்டம் எவ்வகை என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

மாரத்தான் என்னும் நெடுந்தொலைவு ஓட்டத்தில் கார்பிட் முதன்முதலாக இறங்கியபோது அவருக்கு வயது 32. ஓட்ட உலகில் அது தொடங்கும் வயது அன்று, முடிக்கும் வயது. 1951ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 15ஆம் இடம் பெற்றார். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பாக மாரத்தான் ஓடினார். அந்நாட்டின் கறுப்பின வீரர்களுள் ஒலிம்பிக் மாரத்தான் ஓடிய முதல்வர் அவரே. அந்தப் பந்தயத்தை உலகம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. செக் நாட்டு எமில் சாட்டோபெக், 5,000 மீட்டரையும் 10,000 மீட்டரையும் வென்றபின், அதற்கு முன் ஒருமுறைகூட ஓடியிராத மாரத்தானையும் வென்றது அங்கேதான். கார்பிட் 44ஆவதாக வந்தார். வரலாற்று நூல்கள் முதல்வரோடு நின்றுவிடும்; 44ஆமவர் அடிக்குறிப்பிலும் வருவதில்லை. ஆனால் 44ஆமவரையும் 400ஆமவரையும் எண்ணுகின்ற ஓட்டங்கள் பின்னாளில் உலகெங்கும் தோன்றியதற்கு இந்த 44ஆமவர் ஒரு காரணம்.

1954இல் அவர் தம் நாட்டின் மாரத்தான் வாகையர் ஆனார் என்பதைக் குறித்துவிட்டு மேலே செல்கிறேன். வெற்றிகளின் பட்டியல் நம் பொருள் அன்று.

பிரிட்டனில் சாலை ஓட்டக்காரர்கள் 1952ஆம் ஆண்டு தமக்கெனச் சங்கம் அமைத்திருந்தார்கள். அதைக் கண்டு அமெரிக்காவிலும் அத்தகைய அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் எழுந்து, 1958ஆம் ஆண்டு நியூயார்க்கில் ரோட் ரன்னர்ஸ் கிளப் பிறந்தது. உறுப்பினர் ஏறத்தாழ நாற்பது பேர். அவர்களுள் பலர் ஹார்லெம் பயனியர் சங்கத்தினர். முதல் தலைவர் கார்பிட். அக்காலத்தில் சாலையில் ஓடும் வளர்ந்த மனிதரைக் கண்டால் மக்கள் நகைப்பார்கள், அல்லது எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறாரோ என ஐயுறுவார்கள். காலணிக் கடைகளில் ஓட்டத்துக்கென்று காலணி கிடைப்பது அரிது. பந்தயங்களுக்குப் பரிசுப்பணம் கிடையாது; வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். ஆகவே அச்சங்கத்தில் சேர்ந்தவர் எவரும் ஆதாயம் கருதிச் சேர்ந்திருக்க முடியாது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த நிலை எளிதில் விளங்கும்.

அந்தச் சிறு சங்கத்தின் தலைவர் எதிர்கொண்ட முதல் வினா விந்தையானது. மாரத்தான் என்பது 26 மைல் 385 கஜம், அதாவது 42,195 மீட்டர். அதை ஓடினோம் என்கிறோமே, உண்மையிலேயே அத்தனை தொலைவு ஓடினோமா?

அன்றைய வழக்கம் எளியது. பந்தயம் நடத்துவோர் ஒரு மோட்டார் காரை எடுத்து அந்தப் பாதையில் ஓட்டி, காரின் தொலைவுமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கருவி நூற்றுக்குச் சில பங்கு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டக்கூடியது. நூற்றுக்கு ஒன்று என்றாலே மாரத்தானில் 400 மீட்டருக்கு மேல். உலகப் புகழ் பெற்ற பாஸ்டன் மாரத்தானே இதற்குச் சான்று. 1956ஆம் ஆண்டு பின்லாந்து வீரர் அந்தி விஸ்காரி அங்கே 2 மணி 14 நிமிடம் 14 விநாடியில் வென்றபோது, இத்தனை வேகம் இயலுமா என்ற ஐயம் எழுந்தது. மீண்டும் அளந்து பார்த்தார்கள். சாலைச் சீரமைப்புகளின்போது வளைவுகள் நிமிர்ந்து, பாதை ஆயிரம் கஜத்துக்கு மேல் குறுகிப்போயிருந்தது. சில ஆண்டுகளாக எவரும் அதை அறியவில்லை. அவ்வாண்டுகளில் அங்கே ஓடியவர்கள் அனைவரும் தாம் மாரத்தான் ஓடியதாகவே நம்பி வீடு சென்றனர்.

வெண்பாவின் இடையடி ஒன்றில் ஒரு சீர் குறைந்தால் நம் அவையில் அது உடனே தெரிந்துவிடும். சவலை வெண்பா என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவரையும் நாம் கண்டிருக்கிறோம். சாலையில் குறையும் சீரை எவர் காது காணும்?

பிரிட்டனில் ஜான் ஜுவல் என்பவர் சாலையை மிதிவண்டியால் அளக்கும் முறையை ஆராய்ந்து எழுதியிருந்தார். கார்பிட் அதைக் கற்று, தாமே நியூயார்க் சாலைகளில் சோதித்து, 1964ஆம் ஆண்டு சாலை ஓட்டப் பாதைகளை அளப்பது குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். முப்பது பக்கமும் தேறாத அந்நூலை அவர் வாழ்நாளின் தலைசிறந்த செயலாக நான் கருதுகிறேன். பதக்கங்களை அதன் பின்னரே வைப்பேன்.

அம்முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். முதலில் நேரான சாலைத்துண்டு ஒன்றில் எஃகு நாடாவை இழுத்துப் பிடித்து, சில நூறு மீட்டர் தொலைவைத் துல்லியமாக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எஃகும் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற திருத்தமும் செய்ய வேண்டும். பின்னர் மிதிவண்டியின் முன்சக்கரத்தில் சுழற்சியை எண்ணும் கருவியைப் பொருத்தி, அந்தத் துண்டின்மேல் நான்குமுறை ஓட்ட வேண்டும். இத்தனை மீட்டருக்கு இத்தனை சுழற்சி என்பது இப்போது தெரிந்துவிடும். இதற்குப் பின்னரே பந்தயப் பாதையில் இறங்குவது. சாலை நடுவே ஓட்டினால் போதாது. ஓட்டக்காரர் எவரும் வளைவில் உள்விளிம்பை ஒட்டியே செல்வார். ஆகவே அளப்பவரும் விளிம்பிலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளி, வளைவுக்கு வளைவு நேர்கோடு பிடித்து, இயன்றவரை மிகக் குறுகிய வழியில் செல்ல வேண்டும். முடித்தபின் மீண்டும் எஃகு நாடாவால் அளந்த அதே துண்டுக்கு வந்து, மறுபடி நான்குமுறை ஓட்ட வேண்டும். காலையில் குளிர்ந்திருந்த சக்கரக்காற்று வெயிலேற விரிந்து, சக்கரத்தின் சுற்றளவு மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அளவு பிழைபடும். பிற்காலத்தில் இதனுடன் இன்னொரு விதியும் சேர்ந்தது: எத்தனை கவனமாய் அளந்தாலும் ஆயிரத்துக்கு ஒன்று கூட்டி வைக்க வேண்டும். மாரத்தானில் அது 42 மீட்டர். பிழை நேருமாயின் அது கூடுதலாகவே நேரட்டும், குறைவாக நேரவேண்டாம் என்பது கருத்து. நெல் அளப்பவர் மரக்காலின் தலையைத் தட்டாமல் கூம்பாக விட்டு அளப்பது போன்றது இது.

சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்ததை வரலாறு பயின்ற நண்பர்கள் நினைவுகூர்வார்கள். ஐயமுற்ற எவரும் தம் கோலைக் கொணர்ந்து சுவரோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அளவு அதிகாரியின் பையில் இராமல் ஊர்ப் பொதுவில் இருந்தது. கார்பிட்டின் நூல் செய்ததும் அதுவே. மிதிவண்டியும் பொறுமையும் உடைய யார் வேண்டுமானாலும் அளக்கலாம். ஒருவர் அளந்ததை இன்னொருவர் சென்று சரிபார்க்கலாம். 1971ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துப் பொறியாளர் ஆலன் ஜோன்ஸ் தம் மகனுடன் சேர்ந்து, மிதிவண்டிச் சக்கரத்துக்கென்றே எளிய எண்ணுகருவி ஒன்றை அமைத்தார். அதன்பின் இம்முறை நாடெங்கும், பிறகு உலகெங்கும் பரவியது. இன்று எந்த நாட்டில் மாரத்தான் நடந்தாலும் அதன் பாதை மிதிவண்டியால்தான் அளக்கப்படுகிறது. விண்கோள்களைக் கொண்டு தொலைவு சொல்லும் கருவிகள் மணிக்கட்டுக்கு வந்துவிட்ட பின்னும் அவற்றை இவ்வேலைக்கு நம்புவதில்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. அறுபதைக் கடந்தபின் மருத்துவர் அறிவுரைப்படி எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றில் காலையில் நடந்து வருகிறேன். ஒரு சுற்று 400 மீட்டர் என்று அங்கே பலகை உண்டு. கார்பிட்டைப் படித்த சூட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தச்சரிடம் இரவல் வாங்கிய நாடாவால் அந்தச் சுற்றை அளந்தேன். 362 மீட்டர் வந்தது. மறுநாள் உடன் நடக்கும் நண்பர்களிடம் சொன்னேன். பத்துச் சுற்று நடந்து நான்கு கிலோமீட்டர் என்று மகிழ்ந்திருந்த அவர்களுக்கு என்மீது வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஒருவர் மட்டும் அன்றுமுதல் பதினொரு சுற்று நடக்கிறார். உண்மையான அளவைச் சொல்பவன் எவருக்கும் இனியன் அல்லன் என்பதை அன்று கற்றேன்.

கார்பிட் வாழ்ந்த நகருக்கே அந்தக் கசப்பு நேர்ந்தது. 1981ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்டோ சாலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி, பன்னிரண்டு ஆண்டுகளாக நின்ற உலகச் சாதனையை 20 விநாடியால் முறியடித்தார். நகரமே கொண்டாடியது. சில ஆண்டுகள் கழித்துப் பாதையை மறுபடி அளந்தபோது அது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. சாலசாரின் வேகத்தில் அதை ஓட 27 விநாடி ஆகும். சாதனை போயிற்று. அது கார்பிட் வகுத்த முறை அந்நகருக்கு எதிராகவே சொன்ன சாட்சி. நகரம் அதை ஏற்றுக்கொண்டது.

அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில் மேலும் நினைக்கத்தக்கது. மன்ஹாட்டன் தீவின் கீழ்ப்பகுதியில் உடற்குறை உற்றோருக்கான நிறுவனம் ஒன்றில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றினார். கால் இழந்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர், முதுகெலும்பு முறிந்தவர் ஆகியோரை எழுப்பி நிறுத்தி, மீண்டும் ஓரடி எடுத்து வைக்கச் செய்வதே அத்தொழில். நகரின் வடகோடியிலிருந்து அந்த இடத்துக்குப் பல நாள் அவர் ஓடியே வந்தார். மாலையில் ஓடியே திரும்பியதும் உண்டு. ஓய்வுநாளில் மன்ஹாட்டன் தீவைச் சுற்றி ஓடுவார். ஒரு சுற்று 31 மைல். சில நாள் இரண்டு சுற்று. வாரத்துக்கு 200 மைல் ஓடிய காலமும் உண்டு. காலையில் பத்து மைலுக்கு மேல் ஓடி வந்த ஒருவர், பகலெல்லாம் இன்னொருவர் பத்தடி நடக்கப் பக்கத்தில் நின்று தோள் கொடுக்கிறார். இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்தால்தான் அளவு பற்றிய அவரது எண்ணம் முழுமையாகப் புரியும் என்று நினைக்கிறேன். பத்தடி நடந்தவருக்கு அந்தப் பத்தடி பத்தடியாகவே எண்ணப்பட வேண்டும். அது அவருடைய தொலைவு.

1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகத் தெருவில் இறங்கினார்கள். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். கார்பிட்டுக்கு அப்போது வயது 49. மென்குரலில் குறைவாகப் பேசும் இயல்பினர். அவரிடமிருந்து அத்தகைய காட்சி எதையும் நாம் பெறவில்லை. கல்லூரி நாளில் கோட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் இத்தனை அமைதியாயிருக்கலாமா என்று கேட்கும் உரிமை இளையோருக்கு உண்டு. நானும் அவ்வினாவோடு பல நாள் இருந்தேன். உயர்ந்த முட்டியை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு அவ்விருவரும் கொடுத்த விலை பெரிது. ஆனால் எவர் ஓடினாலும் ஒரே தொலைவு, எவர் ஓடினாலும் ஒரே கடிகாரம் என்பதை விதியாக எழுதி, அவ்விதியைச் சரிபார்க்கும் கருவியை எல்லார் கையிலும் கொடுத்ததும் ஒரு போராட்டமே அல்லவா? அதற்கு நிழற்படம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. இந்த வினாவில் என் மனம் முழுத் தெளிவு பெற்றுவிட்டது என்று பொய் சொல்லவும் விரும்பவில்லை.

நாற்பது வயது கடந்தோர்க்கெனப் பந்தயங்களில் தனிப் பிரிவு வேண்டும் என்று தொடக்கத்திலேயே வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். அக்கால விளையாட்டு உலகம் முப்பத்தைந்தைத் தாண்டியவரைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பிவிடும். ஓடுதல் இளமையின் உடைமை அன்று, உடல் உள்ளவரை உள்ள உரிமை என்பதை அவர் வாதத்தோடு நிறுத்தவில்லை. லண்டனிலிருந்து பிரைட்டன் நகர்வரை 52 மைல் தொலைவுள்ள புகழ்பெற்ற ஓட்டத்தில் நாற்பது வயதுக்குப் பின்னரே பலமுறை ஓடி, இரண்டாமிடம்வரை வந்தார். வெற்றி கடைசிவரை கிட்டவில்லை. 1969இல், ஐம்பதாம் வயதில், இங்கிலாந்தின் வால்டன் ஆன் தேம்ஸ் ஊரில் 100 மைல் தொலைவை 13 மணி 33 நிமிடத்தில் ஓடினார். 1973இல் அதே ஊரில் 24 மணி நேர ஓட்டம். 54 வயதில் 134.7 மைல். இரண்டுமே அப்போது அமெரிக்கச் சாதனைகள்.

இதற்கிடையில் அவர் தொடங்கிய சங்கம் வளர்ந்துகொண்டிருந்தது. 1970 செப்டம்பரில் சென்ட்ரல் பூங்காவுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் முதல் நியூயார்க் மாரத்தானை அது நடத்தியது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். தொடங்கியவர் 127 பேர், முடித்தவர் 55 பேர். வென்றவர் கேரி முர்க்கி என்னும் தீயணைப்பு வீரர். ஐம்பத்தொரு வயதுக் கார்பிட் முதல் பத்துப் பேருக்குள் வந்தார். 1972ஆம் ஆண்டு பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே தொடங்க வேண்டும் என்ற மேலமைப்பின் விதியை எதிர்த்து, ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டிலேயே பத்து நிமிடம் அமர்ந்து, ஆண்களோடு எழுந்து ஓடியதும் இதே பூங்காவில்தான். 1976இல் ஓட்டம் பூங்காவை விட்டு வெளியேறி, நகரின் ஐந்து பிரிவுகளையும் இணைத்துச் சென்றது. அந்தப் பாதையை வகுப்பதில் கார்பிட்டுக்குப் பங்கு உண்டு. ஆயினும் உலகம் அறிந்த பெயர் பிரெட் லெபோவினுடையது. ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய லெபோ, ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர், விளம்பரத்தின் நுட்பம் தெரிந்தவர். 1994இல் மறையும்வரை அந்த மாரத்தானின் முகமாக விளங்கினார். அவர் இல்லையேல் அந்த ஓட்டம் இத்தனை பெரிதாகியிராது என்பது நேர்மையான கூற்று. அமைப்புக்கு முழங்குவோரும் வேண்டும், அளப்போரும் வேண்டும். ஆனால் ஆண்டு மலர்களில் முழங்குவோரின் படமே அச்சாகிறது.

1974ஆம் ஆண்டு கார்பிட்டை மூச்சிரைப்பு நோய் பற்றியது. பிறர் நுரையீரலையும் தசையையும் அறிந்த மருத்துவர். தம் உடல் என்ன சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு இன்னொருவர் வேண்டியதில்லை. முன்வரிசை ஓட்டம் அத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 55. அவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரையும் இங்கே நின்றிருக்கும். ஓட்டக்காரராயிருந்தவர் என்று இறந்தகாலத்தில் முடித்திருப்பேன். அவர் நிற்கவில்லை. ஓட இயன்றபோது ஓடினார், இயலாதபோது நடந்தார். 1998ஆம் ஆண்டு அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் ஒருவராக அவரை அழைத்து மாலையிட்டார்கள். மற்ற நால்வரும் அவருக்கு ஒரு தலைமுறை இளையவர்கள். மாலை சூடியவர் பெரும்பாலும் அமர்ந்துவிடுவர். இவர் அதன்பின்னும் பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2007 டிசம்பர் 12ஆம் நாள், 88 வயதில், ஹூஸ்டன் நகரில் அவர் காலமானார். 2021ஆம் ஆண்டு, சென்ட்ரல் பூங்காவில் முதல் மாரத்தான் ஓடிய சுற்றுப்பாதைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நகரம் தன்னை அளந்தவரை நினைவுகூர்ந்தது, காலந்தாழ்த்தித்தான்.

எனக்கு நெருக்கமான காட்சி அதற்கு முந்தையது. 2001ஆம் ஆண்டு. ஆறு நாள் பந்தயம்; ஒரு சிறு சுற்றுப்பாதையில் இரவும் பகலுமாகச் சுற்ற வேண்டும், வேண்டும்போது உறங்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் சுற்றை முடிக்கும்போது ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் தாளில் கோடிட்டு எண்ணிக்கொள்வார்கள். இளையவர்கள் ஓடிக் கடக்கிறார்கள். எண்பத்திரண்டு வயதுக் கார்பிட் நடக்கிறார். ஆறாம் நாள் முடிவில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்ட எண் 303 மைல். அது ஏறத்தாழ முந்நூறு அன்று, முந்நூறுக்கு மேல் என்பதும் அன்று. அந்தச் சுற்று முறைப்படி அளக்கப்பட்டிருந்ததால் அது 303.